மூலை வீடுவரை ஒரு கொடிக்கயிறு

மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் தருபவர் நம் ஊர் பஸ்ஸின் கொண்டக்டர். நல்ல மனிதர்தான். ஆனாலும் உறையைப் பசை போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே பேனையால் ஒரு கோடும் இழுத்திருக்கிறேன். அந்தக் கோடு ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால் எனக்குச் சொல். வந்தாறுமூலையில் கம்பஸ் வாசலில் உன்னைக் கூப்பிட்டு நேரே தரச் சொல்லியிருக்கிறேன், உன்னோடு நூலகத்தில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போனில் முடியாது. இந்த வீட்டில் உன் அம்மாவின் காதுக்குத் தப்பி இப்போது ஒரு சொல்லும் போகாது. நான் விறாந்தையின் கடைசித் தொங்கலில் நின்று மெதுவாகக் கதைத்தாலும் குசினிக்குள் இருந்து பதில் வருகிறது. அந்தக் காது எப்படி அவ்வளவு கூர்மையாயிற்று என்று போன கிழமைவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஆனால் முறையாக, முதலிலிருந்து.

விஷயம் வீட்டைப் பற்றியது. நாங்கள் இருவரும் இந்தப் பெரிய வீட்டை விட்டு மூலை வீட்டுக்குப் போவதா, வேண்டாமா என்பது. நம் பக்கத்தில் இது ஒரு கேள்வியே இல்லை. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. தாய் தகப்பன் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அதே வளவின் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். மருமகன் ஒரு பெட்டியோடு பெரிய வீட்டுக்குள் வருவார். உன் அம்மாவுக்கு இந்த வீடு அப்படித்தான் வந்தது. நீ ஒற்றைப் பிள்ளை, அதனால் யாருக்கு என்ற பேச்சுக்கும் இடமில்லை. சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றதுமே நான் மூலை வீட்டில் அடுக்கிக் கிடந்த நெல் மூட்டைகளை வெளியே எடுத்தேன். கூரைக்கு ஓடு மாற்றினேன், நிலத்துக்குச் சீமெந்து போட்டேன், பக்கத்திலேயே ஒரு கக்கூசும் கட்டினேன். ஓர் அறை, ஒரு குசினி, பின்னேரத்தில் குந்தியிருந்து வாவியைப் பார்க்கக் கொஞ்சம் முன்பக்கம். வயதான இரண்டு பேருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் நீ குண்டைத் தூக்கிப் போட்டாய். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்து இருந்து, பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே நீ சொன்னாய்: "அம்மாவும் அப்பாவும் பெரிய வீட்டிலயே இரிக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் மூலை வீட்டில இரிப்பம்." மாப்பிள்ளையின் தாய்மாமன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "இதென்னகா புதுக் கதை? பொண்ணு மாப்பிள்ளை மூலையில, வயது போனதுகள் நடுவீட்டிலயா? ஊர் சிரிக்காதா?" என்றார். அவர் கேட்டது நியாயம். நம் ஊரில் மாமனாரின் மூலை வீட்டில் குடியிருக்கிற மருமகனுக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு நாள் போதும். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எனக்கும் அதுதான் விருப்பம் மாமா. வீட்டு உறுதியையும் இப்ப எழுத வேணாம். எல்லாம் மாமிட பேரிலயே இரிக்கட்டும்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை அரச பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிற செக்கராக இருந்தவன். பாதி வழியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு மரத்தடியில் நின்று, பஸ் வேகம் குறைந்ததும் சத்தமில்லாமல் பின்கதவால் ஏறுவதுதான் என் வேலை. இருமக்கூடாது, செருமக்கூடாது. ஏறிய உடனே முகங்களைப் பார்க்க வேண்டும். டிக்கெட் இருப்பவன் சட்டைப்பையைத் தடவுவான். இல்லாதவன் வெளியே வயலைப் பார்ப்பான். இவர்கள் இருவரையும் விடப் பொல்லாதவன் ஒருவன் இருக்கிறான், எழும்பி நின்று "இரிங்க ஐயா" என்று தன் இருக்கையை எனக்குத் தருபவன். கேளாமல் தருபவனிடம்தான் நான் முதலில் டிக்கெட்டைக் கேட்பேன். பெரும்பாலும் என் கணிப்புப் பிழைத்ததில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்வார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், வாலையும் தூக்கிப் பார்ப்பேன். அப்படியிருக்க, சீதன வீடு வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிற மாப்பிள்ளையை நான் எப்படி நம்புவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வீட்டுக்குப் போவது எனக்கு ஒரு பாரமும் இல்லை. நான் எந்த வீட்டிலும் உரிமைக்காரனாக இருந்தவன் அல்லன். பிறந்தது என் அம்மாவின் வீட்டில், அதை அக்கா எடுத்தாள். வாழ்ந்தது உன் அம்மாவின் வீட்டில். கலியாணம் முடித்து நான் பெட்டியோடு வந்த அன்று, உன் அம்மாவின் தகப்பன் தன் பாயையும் வலையையும் தோளில் போட்டுக்கொண்டு மூலை வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் நின்று எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார்: "மருமகன், இந்த வீடு என்டயும் இல்ல, உங்கடயும் இல்ல. செவுத்தில ஒரு ஆணி அடிக்கிறெண்டாலும் அவகிட்டக் கேட்டுட்டு அடிங்க." அன்றைக்கு எனக்கு அது குத்தலாகப் பட்டது. ஆனாலும் இதுவரை இந்த வீட்டில் நான் கேளாமல் ஓர் ஆணி அடித்ததில்லை. வீடு பெண்ணுக்குரியது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. பெண்ணே வீட்டை வேண்டாம் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அதனால், உனக்குச் சொல்லாமல், வெல்லாவெளிக்குப் போனேன். மாப்பிள்ளையின் ஊரை ஒரு தரம் பார்க்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஒரு இறக்கம் முந்தியே இறங்கி நடந்து, ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து, உழவு மெசின் ஒன்று விலைக்குத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். அங்கே சுற்றி இங்கே சுற்றி, கரடியனாற்றுப் பக்கம் வேலை செய்கிற அந்த விவசாயப் போதனாசிரியர் பொடியன் ஆள் எப்படி என்று கேட்டேன். "தங்கமான பொடியன்" என்றார் கடைக்காரர். குடிப்பழக்கம்? "தேத்தண்ணி குடிப்பாரு." கடன்காரர்? "எங்களுக்குத் தெரிய இல்ல." ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு குறையும் இல்லாத மனிதனை நான் என் பஸ்ஸில் கண்டதே இல்லை, அதனால் என் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. தேத்தண்ணியை முடிக்கமுன் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. "மாமா, ஏறுங்க. அம்மா சோத்தப் போட்டுட்டுப் பாத்துட்டு இரிக்கா" என்றார் மாப்பிள்ளை. கடைக்காரர் பின்னால் போய்ப் போனில் கோல் எடுத்திருக்கிறார். எனக்கே டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் தாய் வரால் குழம்பை அள்ளி வைத்துக்கொண்டு, "சம்பந்தி, எங்கட வீட்டுக்கு முன்வாசலும் இரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடும்போது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "மாமி எப்படி இரிக்கா? தனியக் கிணத்தடிக்குப் போறவவா?" பொண்டாட்டியாகப் போகிறவளைப் பற்றிக் கேட்டால் விளங்கும். மாமி கிணற்றடிக்குப் போவதில் இவருக்கு என்ன அக்கறை? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். நான் கட்டிய கணக்கைக் கேள். வாவிக் கரையில் விடுதி போடக் காணி தேடித் திரிகிற தரகர் ஒருவர் தைப்பொங்கலுக்குப் பிறகு நம் படலையில் வந்து நின்றார், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் விரட்டிவிட்டேன். ஆனால் உறுதி உன் பேருக்கு மாறினால் அதை நீ விற்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் பேரிலேயே இருந்தால், நாளைக்கு அவளை நாலு நல்ல வார்த்தை சொல்லி விற்க வைப்பது லேசு. வீடு வேண்டாம் என்கிறவனுக்கு வீட்டை விற்ற காசு வேண்டும். இப்படித்தான் நான் முடிவு கட்டினேன். அதில் உன்னையும் சேர்த்தேன். குசினியில் நீயும் அம்மாவும் குசுகுசுப்பதும், நான் வந்தால் உப்பு, புளி என்று கதை மாறுவதும் எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? கூறைச் சாறி பார்க்கவென்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாய். விடியப் போய் வெயிலுக்குப் பிறகு வந்தீர்கள். சாறியும் இல்லை, கடைப் பையும் இல்லை. "ஒண்டும் பிடிக்கல்ல" என்றாள் அம்மா. கடைக்குப் போய் வெறுங்கையோடு வருகிற பெண்ணை நான் இந்த மாவட்டத்தில் கண்டதில்லை. உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்குத்தான் போய் வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மாவின் நடப்பு இன்னும் மோசம். மூலை வீட்டுக்கு ஒவ்வொன்றாகச் சாமான் கொண்டுபோகலாம் என்று நான் ஒரு கதிரையைத் தூக்கினால், "அதை வச்ச இடத்தில வைங்க" என்று சீறினாள். மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதற்கு ஒரு நாள் முழுக்க முகம் தரவில்லை. நடக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். வீட்டை விட மனமில்லாமல் பிரிவு சொல்கிறாள் என்று நான் நினைத்தேன், பெற்ற மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்க இவ்வளவு வலியா என்று உள்ளுக்குள் எரிந்தேன். சுளகில் அரிசி புடைப்பதை விட்டாள். சோற்றில் கல் கடித்தபோது நான் கத்தினேன். அடுத்த நாளிலிருந்து பைக்கற் அரிசி வந்தது. பேப்பரை நீட்டினால், "நீங்களே வாசிங்க, உங்கட குரலில கேட்டா நல்லா இரிக்கி" என்றாள். இத்தனை வருடத்தில் என் குரலை நல்லது என்று ஒரு நாளும் சொல்லாதவள் சொன்னால் எனக்கு என்ன தோன்றும்? பிரிட்ஜில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. என்ன என்று கேட்டேன். மகள் முகத்துக்குப் பூசுவது என்றாள். நம்பவில்லை. ஆனால் நம்பாமல் விட்டேனே தவிர, எடுத்து வாசித்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கொடிக்கயிறு. உடுப்புக் காயப் போடக் கொடி கட்டித் தரச் சொன்னாள். குசினி வாசல் தூணிலிருந்து மூலை வீட்டு வாசல் தூண்வரை. நேரே இழுத்துக் கட்டப் போனேன். "நேரே வேணாம். முருங்கையில ஒரு சுத்துச் சுத்தி, கிணத்துக்கு இந்தப் பக்கத்தால கொண்டு போங்க" என்றாள். உலகத்தில் யாராவது வளைத்துக் கொடி கட்டுவார்களா? கயிறும் நட்டம், உடுப்புப் போட்டால் மூலையில் சுருண்டு விழும். இடுப்பு உயரத்துக்கு மேலே கட்டவும் விடவில்லை. சாறி நிலத்தில் இழுபடும் என்றேன். "இழுபடட்டும்" என்றாள். கட்டி முடித்த பிறகு அதில் உடுப்புக் காய்ந்ததை நான் அபூர்வமாகத்தான் கண்டேன். மத்தியானத்தில் நான் சோறு தின்று சரிந்ததும் வீட்டுக்குள் அவளுடைய சத்தம் நின்றுவிடும். எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. கொஞ்சம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருவாள். எங்கே போனாய் என்றால், "இஞ்சதான்" என்பாள். யாரோ வருகிறார்கள், மூலை வீட்டில் வைத்து ஏதோ பேச்சு நடக்கிறது, அது அந்தத் தரகராகத்தான் இருக்கும் என்று நான் நிச்சயித்துக்கொண்டேன்.

போன கிழமை ஒரு நாள், மீன் குழம்பும் சோறும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கத்தை விடப் பெரிதாகக் குறட்டை விட்டேன். அவள் வந்து நின்று குறட்டையைக் கேட்டாள், பிறகு போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நல்ல வெயில். கண் கூசுகிற வெயில். அவள் வலது கையைக் கொடியில் வைத்துக்கொண்டு நடந்தாள். முருங்கையடியில் கை வளைந்தது, ஆளும் வளைந்தாள். கிணற்றைத் தாண்டி, மூலை வீட்டு வாசற்படியைக் காலால் தட்டிப் பார்த்து ஏறினாள். அந்த நேரம்கூட என் புத்தியில் ஒன்றும் ஓடவில்லை, பார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதிலேயே என் எண்ணம். பதுங்கி வந்து வாசலில் நின்றேன். உள்ளே ஒருவரும் இல்லை. அவள் மட்டும் குசினித் தட்டுக்கு முன்னால் நின்று, வரிசையாக வைத்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "உப்பு, மஞ்சள், மல்லி, சீரகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் பிழைத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொட்டாள். முதலாம் வகுப்புப் பிள்ளை பாடம் சொல்வது போல இருந்தது.

நான் ஓர் அடி வைத்தேன். சீமெந்தில் மணல் நெரிந்த சத்தம் கேட்டு அவள் கிறுகி என்னைப் பார்த்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். பார்த்துக்கொண்டே, "ஆரு?" என்றாள்.

"ஆரு அது?" என்றாள் மறுபடியும். பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எங்கட இவரு அந்தா வீட்டில படுத்திரிக்காரு. ஒரு சத்தம் போட்டா ஓடி வருவாரு, தெரியுமா?" என்றாள்.

மகள், இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. பயந்துபோன நேரத்தில் அவள் என்னைத்தான் காவலுக்குக் கூப்பிட்டாள். அந்தக் காவல்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பிடிக்கத்தான் வந்து நிற்கிறான். வெட்கம் என்றால் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. "நாந்தான் புள்ள" என்றேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "வாசலில வெளிச்சம் அடிக்கக்குள்ள ஆள் விளங்குறல்ல. கறுப்பாத்தான் தெரியும்" என்றாள், ஏதோ தன் பிழை போல. பிறகு, "எவ்வளவு நேரமாக் களவா நிண்டீங்க?" என்று கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

எல்லாம் சொன்னாள். கண்ணில் அழுத்தமாம். இடது கண் போய்விட்டதாம், வலது கண்ணும் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறதாம். சாறிக்குப் போன அன்று நீ அவளைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாய். போனது போனதுதான், இருப்பதை மருந்து விட்டுக் கொஞ்சக் காலம் காக்கலாம் என்றாராம். அந்தச் சின்னப் போத்தல் அதுதான். பெரிய வீட்டில் அவளுக்குக் கதவும் படியும் பழக்கம், புது இடத்துக்குப் போனால் தடுமாறுவாள், விழுவாள், கிணறு வேறு நடுவில் இருக்கிறது என்று நீ பயந்து, அதனால்தான் மூலை வீட்டை உனக்குக் கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறாய். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் அந்த மனிதர் ஓம் என்றிருக்கிறார். எனக்கு மட்டும் சொல்லவில்லை. "அவருக்குச் சொன்னாக் கலியாணத்தத் தள்ளிப் போட்டுப்போடுவாரு, பொறு மனே" என்று அம்மாதான் உன் வாயைக் கட்டினாளாம்.

உன்னில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் இருந்து, இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்றை மூன்றாமவனுக்கு மறைத்தால், அந்த மூன்றாமவன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் சந்தேகப்படுவான். நான் அவள் மேல் கத்தினேன், மகள். கல் கடித்ததற்குக் கத்தினேன். நீ சொல்லியிருந்தால் அந்தக் கல்லை நான் பொறுக்கியிருப்பேன். ஆனால் அம்மா சொன்னதும் சரிதான். சொல்லியிருந்தால் நான் கலியாணத்தைத் தள்ளித்தான் போட்டிருப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய் ஏதாவது உளறிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். என்னை நீங்கள் இருவரும் அளந்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

இனி வீட்டுக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேசி வைத்ததைக் கேட்டபோது, அதுவே சரி என்றுதான் எனக்கும் பட்டது. "நாங்க பெரிய வீட்டிலயே இரிப்பம் புள்ள, மகள் சொன்னதுதான் சரி" என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கண் கெட்டாப் பிறகு சூரிய நமஸ்காரம் செய்யச் சொல்றீங்களா? கொஞ்சம் தெரியக்குள்ளயே இஞ்ச வந்து பழகோணும். மறுகா பழக ஒண்ணா. அதுக்குத்தானே கொடி கட்டச் சொன்ன" என்றாள். பெரிய வீடு முழுக்க உனக்கு மனப்பாடம்தானே என்று கேட்டேன். "இப்ப பாடம். நாளைக்கு அவளுக்குப் பிள்ளை குட்டி எண்டு வந்தா ஒரு கதிரை வச்ச இடத்தில கிடக்குமா? அந்த வீட்டில இனித்தான் ஓடி ஆடித் திரியிற ஆக்கள் வரோணும். நான் நடுவில இரிந்தா, எனக்குப் பயந்து அவள் ஒரு மேசையத் தள்ளிப் போடாம வாழுவாள். அப்படி ஒரு வீட்டை நான் என்ட மகளுக்குக் குடுக்க மாட்டன்" என்றாள்.

அவள் கையால் சுவரைத் தட்டிக் காட்டினாள். "இஞ்ச பாருங்க. அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் கட்டில். நாங்க ரெண்டு பேர்தான், ஒண்டும் இடம் மாறாது. ராவில கையை நீட்டினா நீங்க இரிப்பீங்க." இதைச் சொல்லிவிட்டு, ஏதோ சாதாரண காரியம் சொன்னது போல, மல்லி டப்பாவை எடுத்து இடத்தில் வைத்தாள். சீரகம் என்று நினைத்து வைத்தாள். நான் மாற்றி வைக்கவில்லை. மல்லி என்று சொன்னேன், அவளே மாற்றி வைத்தாள்.

ஆகவே முடிவு இது. உன் கலியாணத்துக்கு முந்தியே நாங்கள் மூலை வீட்டுக்குப் போகிறோம். வழக்கத்துக்காக என்று ஊர் நினைக்கட்டும், அதுவும் நல்லது. பெரிய வீடு உன்னுடையது. உறுதியும் எழுதுவோம். நீயும் மாப்பிள்ளையும் மறுக்கக்கூடாது. நீங்கள் விட்டுத் தர நினைத்தது எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்குகிறது. அதை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பித் தருவது அம்மாவின் உரிமை, வீடு அவளுடையதுதானே. அந்த வீட்டில் கதிரையை இழு, மேசையைத் தள்ளு, சுவருக்கு நீலம் பூசு, ஆணி அடிக்க யாரிடமும் கேட்காதே. மாப்பிள்ளை மட்டும் உன்னிடம் கேட்டுவிட்டு அடிக்கட்டும். அவரிடம் என் சார்பில் ஒன்று சொல். முன்வாசலால் வந்து ஒரு நாள் சோறு தின்கிறேன் என்று சொல். அவரைச் சந்தேகிக்க இனி எனக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், அது என் குணம், நீ கண்டுகொள்ளாதே. ஆனால் அந்தக் குணத்தை நீ என்னிடமிருந்து சீதனமாக எடுத்துக்கொண்டு போகாதே. உன் புருஷன் ஒன்றை மறைத்தால் பின்னால் பதுங்கிப் போகாமல் முன்னால் நின்று கேள். நீ ஒன்றை மறைக்க வேண்டி வந்தால், மறைக்காதே.

வளவில் இரண்டு காரியம் மட்டும் பார்த்துக்கொள். கொடிக்கயிற்றுக்குக் கீழே வாளி, விறகு, சைக்கிள் ஒன்றும் வைக்கக்கூடாது. உடுப்புக்கு வேறு கொடி கட்டித் தருகிறேன், அதை எவ்வளவு வேண்டுமானாலும் நேராகக் கட்டலாம். கிணற்றுக்குச் சுற்றிச் சுவர் கட்டச் சொல்லி மேசனைப் பிடித்துவிட்டேன். அவர் சொன்ன நாளுக்கு வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா குசினியிலிருந்து, "பேனை ஓடுற சத்தம் கேக்குது. மகளுக்கா எழுதுறீங்க? உங்களுக்குத் தெரிஞ்சுபோச்செண்டு எழுதுறீங்களா?" என்று கேட்டாள். இல்லை, மேசனுக்கு என்றேன். சிரித்தாள். நம்பவில்லை.

கடைசியாக ஒன்று. நீ சனிக்கிழமை வரும்போது படலையிலேயே, "அம்மா, நான் வாறன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கும் சொல்லி வை. நானும் இப்போது வாசலுக்கு வந்ததும் நின்று, நன்றாக ஒரு முறை செருமி, "நாந்தான் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சத்தமில்லாமல் ஏறிப் பழகிய கால், இன்னும் சில நேரம் மறந்துவிடுகிறது. அதனால் செருப்பைக் கொஞ்சம் தேய்த்தே நடக்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு "ஆரு" என்று அவள் இன்னொரு தரம் கேட்க நான் விட மாட்டேன்.

அப்பா